கத்தரிக்காய் வேண்டாம் என்றவள்தான், தடுப்பூசிச் செடி வேண்டும் என்கிறேன்

மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் வேண்டாம் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் வெயிலில் நின்று கையெழுத்து வாங்கியவள் நான். 2010-இல் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தபோது அவ்வளவு சந்தோஷம். இப்போது செடியில் தடுப்பூசி தயாரிப்பதை ஆதரித்து எழுதினால் அன்று கூட நின்றவர்களுக்கே கோபம் வரும். வரட்டும், பேசித் தீர்ப்போம்.

போன பங்குனியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்மா வீட்டில் பதினோரு கோழியும் வெள்ளைக்கழிச்சலில் போய்விட்டன. கழுத்து திருகி, இறக்கை தொங்கி, சுண்ணாம்புத் தண்ணீராய்க் கழிந்து மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஊசி போட்டிருக்கலாம், தள்ளிப்போட்டுவிட்டோம். அந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: அதற்கான தடுப்பூசியைப் புகையிலைச் செல்களில் தயாரித்து 2006-லேயே அமெரிக்க வேளாண் துறையிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு வரவே இல்லை.

மனிதர்களுக்கான கொரோனா தடுப்பூசியைக் கனடாவின் மெடிகாகோ கம்பெனி செடியில் செய்தது. புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றைக் கண்ணாடிக் கூடத்தில் வளர்க்கிறார்கள். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலந்த நீரில் முக்கி, காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். நீர் இலைக்குள் இறங்குகிறது, அந்த பாக்டீரியா வைரஸின் ஒரு மரபணுவை உள்ளே சேர்க்கிறது. சில நாளில் வைரஸின் மேலோடு போன்ற துகள்களை இலையே செய்துவிடும். உள்ளே நோய் பரப்பும் சரக்கு கிடையாது, சேர்த்த மரபணு விதைக்கும் போகாது. வைரஸின் மரபணுக் குறிப்பு கைக்கு வந்து 20 நாளில் துகள் தயார்!

2022 பிப்ரவரியில் கனடா அனுமதித்தது. சிகரெட் கம்பெனி பிலிப் மோரிஸுக்கு மெடிகாகோவில் பங்கு இருந்ததால் உலக சுகாதார அமைப்பு ஏற்கவில்லை. மறு வருஷமே முதலாளியான ஜப்பான் கம்பெனி மெடிகாகோவை மூடிவிட்டது. இவ்வளவு நல்ல வேலை பங்குதாரர் கையில் சிக்கிச் செத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பயமே இல்லையா? இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், முந்தின வருஷம் மருந்து தயாரிக்க மரபணு மாற்றிப் பயிரிட்ட மக்காச்சோளம் தானாக முளைத்து சோயாவோடு கலந்துவிட்டது. கிடங்கிலிருந்த சோயாவையெல்லாம் அழித்தார்கள். அதனால் நாம் சாப்பிடும் பயிரில், திறந்த வயலில் கூடவே கூடாது. இதில் நான் இம்மியும் மாறவில்லை. சாப்பிடாத செடியில், மூடிய கூடத்தில் செய்யட்டும்.

அதையும் அரசு செய்யட்டும். ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் இருக்கிறது, குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் மத்திய அரசின் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. முதலில் கோழிக்கான மருந்தில் தொடங்கினாலும் சரி. இதைக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் மறுபடி நிற்க யார் யார் வருகிறீர்கள்?