தர்பூசணிக்கு ஊசி போடுகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு

நேற்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்த வீடியோ. தர்பூசணிக்குள் ஊசியால் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள், பஞ்சால் துடைத்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி 2025 கோடையில் ஊரே பார்த்ததுதான். அப்போது விவசாயிகள் கொதித்துப் போனார்கள், அப்புறம் விளக்கமும் வந்தது. அதெல்லாம் யாருக்கும் நினைவில்லை, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே ஒருவர், "அதான் நாங்க தர்பூசணியே வாங்குறதில்ல, பசங்களுக்கு ஜூஸ் பாக்கெட்தான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். ஒரு லாரியில் 10 டன் ஏற்றுகிறார்கள். ஒரு காய் 3 கிலோ என்று வைத்தால்கூட 3,000 காய்க்கு மேல். வயலில் ஆள் கூலி கொடுக்கவே திணறுகிறவர், ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருப்பாரா? போட்டாலும் சாயம் பழம் முழுக்கச் சீராகப் பரவாது, ஊசி இறங்கிய இடத்தில்தான் திட்டாக நிற்கும். ஓட்டை விழுந்த காய் மார்ச் வெயிலில் சீக்கிரமே அழுகிவிடும். பழத்தின் அந்தச் சிவப்பு, லைகோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியில் இருப்பதும் அதுதான். பஞ்சால் துடைத்தால் சிவக்கிறதாம். சாறு பட்டால் பஞ்சு லேசாகச் சிவக்கத்தான் செய்யும். நடுவில் பிளந்திருப்பது ஊசித் தடமாம். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலும், காய் திடீரென்று பெருத்தாலும் உள்ளே அப்படிப் பிளக்கும். கொடி வைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் சித்தப்பா திண்டிவனம் பக்கம் தர்பூசணி வைக்கிறவர். மார்கழியில் விதை போட்டு, மண்ணை மூட மல்ச்சிங் ஷீட் என்கிற பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, சொட்டு நீர் விட்டு, 70 நாள் போலக் காத்திருக்க வேண்டும். பூ எடுக்கும் நேரத்தில் காலையில் மருந்தே அடிக்க மாட்டார், தேனீ வராமல் போய்விடும் என்று. அந்த வீடியோ வந்த வருஷம் அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி போனையே எடுக்கவில்லை. நான் போனபோது பழுத்த காயெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. "யாரும் வாங்கலம்மா, மாட்டுக்கு உட்டுட்டேன். உனக்கு வேணுங்கறத எடுத்துனு போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை.

உடனே வருவீர்கள், "உங்க வீட்டு வியாபாரம், அதான் பேசுறீங்க" என்று. ஆமாம், எங்கள் வீட்டு வியாபாரம்தான். அதனால்தான் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை.

"அப்போ கலப்படமே இல்லையா?" இருக்கிறது. மாங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது, பிடித்து உள்ளே போடுங்கள், நானும் கூட நிற்கிறேன். பூச்சிமருந்து? அடிக்கிறார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டியதும் நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் இல்லாத ஊசியைக் காட்டி இருக்கிற விவசாயியைக் கொல்லாதீர்கள்.

பயம் என்றால் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். தர்பூசணி மாம்பழம் மாதிரி இல்லை, பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அதனால் கொடியிலேயே முற்றியதா என்று பார்க்க வேண்டும். தரையில் படுத்திருந்த பக்கம் வெளுப்பாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்கட்டும். கையில் தூக்கினால் பார்க்கிற அளவை விடக் கனக்க வேண்டும். முழுப் பழமாக வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் தோலை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தோலில் இருக்கிற மண்ணையும் கிருமியையும் கத்தியே உள்ளே கொண்டுபோகும். மீந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரோட்டோரம் காலையில் வெட்டி, ஈ மொய்க்க மாலை வரை வைத்திருக்கும் துண்டுதான் உண்மையில் வயிற்றைக் கெடுக்கும். அதைப் பற்றி ஒரு வீடியோ வந்து பார்த்ததுண்டா?

அந்த ஜூஸ் பாக்கெட்டுக்கு வருகிறேன். பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் அச்சிட்டே இருக்கிறது. பழக்கூழ் எத்தனை சதவீதம், சர்க்கரை எவ்வளவு, எந்த எண் நிறமி, எந்த எண் பதப்படுத்தி. ஒரு தடவை படியுங்கள். நிறம் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியே விற்பதைப் பிள்ளைக்குக் கொடுப்பீர்கள். சேர்க்காதவரைச் சேர்த்தார் என்பீர்கள். பொங்கலுக்கு ஏர் பிடித்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தவர்களும் இதே குழுவில்தான் இருக்கிறீர்கள். ஒரு விவசாயியின் வயலுக்கு என்றைக்காவது போயிருக்கிறீர்களா? திண்டிவனம் என்ன வெளிநாடா? சென்னையிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகாது. மாசி, பங்குனியில் வாருங்கள், காய் அறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். போக முடியாதா, சரி, கடைக்காரரிடம் இது எந்த ஊர்க் காய், எப்போது அறுத்தது என்றாவது கேளுங்கள். லோடு இறக்கியவருக்கு மரக்காணமா, செய்யூரா என்று தெரியும். தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.