பூங்காவுக்குப் போகும் வழியையும் பாருங்கள்
பூங்காவில் சாய்வுதளமும் கைப்பிடியும் அமைத்துவிட்டால் முதியவர்கள் தானாக வெளியே வரத் தொடங்குவார்கள் என்று முதியோருக்கான பூங்காக்களைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பூங்கா வரை அவர்கள் எப்படிப் போய்ச் சேர்வது? என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார்ந்தே ஆகவேண்டும். வழியில் ஓர் இருக்கைகூட இல்லாததால் பூங்காவுக்குப் போவதையே விட்டுவிட்டார். சாலையைக் கடப்பது அதைவிடச் சிரமம். பல நாடுகளில், நடப்பவர் விநாடிக்கு சுமார் 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். வயதானவர்களில் பலருக்கு அந்த வேகம் வராது. சிங்கப்பூரில் 2009 முதல் சில சந்திப்புகளில் முதியவர்கள் தங்கள் முதியோர் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட முதியோர் நேய நகரங்களுக்கான வழிகாட்டியும் இருக்கைகள், பொதுக் கழிப்பறைகள், கடக்கப் போதுமான நேரம் எல்லாவற்றையும் பேசுகிறது. இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் “பிள்ளைகள் கூட்டிப் போகலாமே” என்று எழுதியிருக்கிறார். சரி, போகலாம். ஆனால் தோன்றிய நேரத்தில், யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒரு முதியவரோடு அவர் வீட்டு வாசலிலிருந்து பூங்கா வரை நடந்து பார்க்கட்டும்.