தாழ்த்தின வண்டிக்கு ஷாக் வாங்குவதற்குள்...

"வண்டி என்ன சார்?"

"ஸ்விஃப்ட்."

"இயர்?"

"2013. பெட்ரோல். ஆனா அண்ணே, ஒரு நிமிஷம், இது லோயர் பண்ணின வண்டி. ஸ்பிரிங்..."

அதற்குள் மனிதர் உள்ளே போய் இரண்டு அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். பெட்டியை மேசையில் வைத்து, பில் புத்தகத்தையும் திறந்துவிட்டார். கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் அன்றைக்கு நான் ஏறின ஐந்தாவது கடை அது. ஐந்து கடையிலும் இதே கேள்விகள், இதே பெட்டி. ஆனா என்று நான் ஆரம்பித்த இடத்தில் ஐந்து பேருக்கும் காது அடைத்துக்கொண்டது.

என் வண்டி பெயரளவில்தான் ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 170 மி.மீ. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்துவிட்டு 45 மி.மீ. இறக்கிவிட்டார். வாங்கும்போது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும் என்கிற அந்த நிற்கும் அழகில் மயங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் ஓணான் என்னுடையது. அதற்கு ஏற்ற வேட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஒருத்தராவது பதில் சொல்ல வேண்டாமா?

விஷயம் இதுதான். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அறுக்கிற ஸ்பிரிங் குட்டையாவதோடு நிற்காது, கெட்டியாகவும் ஆகும். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றரையை எடுத்துவிட்டால் மீதி நாலரை, முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கெட்டி. பழைய ஸ்பிரிங்கை அடக்கவென்று அளந்து செய்த ஷாக், இந்தக் கெட்டி ஸ்பிரிங்கை எப்படி அடக்கும்? அது போதாதென்று, வண்டி 45 மி.மீ. இறங்கினால் ஷாக்கின் தண்டும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்ப மிச்சமிருக்கிற இடம் அவ்வளவு குறைவு.

எவ்வளவு குறைவு என்று நானே அளந்தேன். மெக்கானிக் அண்ணனிடம் ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கக் காலின், தூசி உறையை மேலே தள்ளிவிடச் சொல்லி, பளபளவென்றிருந்த தண்டின் அடியில், ஷாக் உடம்பை ஒட்டினாற்போல ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டினேன். வண்டி சும்மா நிற்கும்போது அந்த இடத்திலிருந்து, ஷாக் முழுதாக அமுங்கி மோதாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர் வரைக்கும் 20 மி.மீ. என் கட்டை விரல் அகலம். அப்புறம் எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஒரே ஒரு முறை ஏறி இறங்கிவிட்டு வந்து பார்த்தால், கேபிள் டை ரப்பருக்குள் புதைந்து, வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது இத்தனை நாளாக நான் ஓட்டியது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, ரப்பரின் மேல். இரண்டு வருடத்தில் இரண்டு ஸ்ட்ரட்டும் எண்ணெய் கக்கியதில் என்ன ஆச்சரியம்?

அந்த வேகத்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதியில் வேகத்தடைக்கு அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழும்பி மெல்ல இறங்கும் வளைவு. அப்படி ஒன்றை யாராவது கட்டியிருந்தால் என் வண்டி தாலாட்டு கேட்கிற மாதிரி தாண்டிப் போகும். எங்கள் தெருவில் இருப்பதோ, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மீந்த சிமெண்டில் போட்ட சுவர். சுவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மாமனார் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அதில் அடி தட்டியது. "மாப்பிள்ளை, வண்டியிலேர்ந்து ஏதோ விழுந்திடுச்சு போல" என்றார். விழுந்தது என் மானம்.

சரி, ஷாக்குக்கு வருவோம்.

மெக்கானிக் அண்ணன் நல்லவர், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது தம்பி, அப்படியே மாட்டிடலாம்" என்கிறார். ஷாக்கின் நீளம் அதே கம்பெனி நீளம், ஸ்பிரிங்தான் குட்டை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் தான் உட்காருகிற தட்டில் நிற்காமல் லொடலொடவென்று ஆடுகிறதே என்று காட்டினேன். கையால் பிடித்துத் திருப்பியே காட்டினேன், மண்பானை மூடி மாதிரி சுற்றியது. "கீழ இறக்கினா உக்காந்துக்கும் தம்பி" என்றார். உட்காருகிறதுதான். ஒவ்வொரு பெரிய பள்ளத்துக்கும் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு உட்காருகிறது. என்றைக்காவது தப்பான இடத்தில் உட்கார்ந்தால்?

இதற்கென்றே உடம்பு குட்டையான ஷாக்குகள் உலகத்தில் இருக்கின்றன, நான் ஒன்றும் நிலாவைக் கேட்கவில்லை. ஜெர்மன் கம்பெனியான பில்ஸ்டைன், கம்பெனி உயரத்துக்கு பி6 என்றும் தாழ்த்தின வண்டிக்குக் குட்டையாக்கி பி8 என்றும் தனித்தனியாகவே போடுகிறது. எந்த ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் என்று யோசித்திருக்கிறார்கள். அதே மாதிரி என் வண்டிக்கு ஏதாவது வருமா என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பென்ஸு, பிஎம்டபிள்யூ வெச்சிருக்கிறவங்க போடுறது சார்" என்றார்.

இன்னொருவர் அதையும் தாண்டிவிட்டார். தட்டுகிறது என்றேன். உடனே ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் செருகுகிற ரப்பர் பஃபரை எடுத்து நீட்டுகிறார். "இதப் போடுங்க சார், வண்டி நல்லா ஏறிடும்." ஐயா, ஒருத்தர் அறுத்து இறக்கியதை நான் ரப்பர் வைத்து ஏற்றுவதா? இருக்கிற நாலரைச் சுற்றில் ஒரு சுற்றை ரப்பர் அடைத்துவிட்டால் ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும், ஷாக் இன்னும் சீக்கிரம் சாகும். நாலு பஃபருக்கு அவர் சொன்ன விலையில் ஸ்ட்ரட்டை வண்டி உடம்போடு பிடிக்கிற நல்ல மவுண்ட் ஒன்றை வாங்கிவிடலாம்.

இந்தப் பக்கம் இவர்கள் என்றால், அந்தப் பக்கம் காயில்ஓவர் பக்தர்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வந்து, உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் செட் அது. வாயைத் திறந்தாலே "ப்ரோ, காயில்ஓவர் போடுங்க ப்ரோ." என் வண்டியின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டி அதை ஏன் போட வேண்டும் என்றால், ஷாக் அடக்குகிற அளவை 32 கிளிக்கில் அட்ஜஸ்ட் பண்ணலாமாம். 32 கிளிக்கில் எந்தக் கிளிக் எங்கள் ஊர் மெட்ரோ வேலைச் சாலைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பையன் அதில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற காலரைத் திருகி வண்டியை இறக்கியிருந்தான். தம்பி, உன்னுடையதில் உயரத்துக்கு அடியில் தனி பிராக்கெட் இருக்கிறது, நீ தளர்த்தினது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் என்று சொன்னேன். "இறங்கிச்சில்ல ப்ரோ?" என்றான். இறங்கத்தான் இறங்கியது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, நல்லொழுக்கக் கூட்டம். பழையபடி கம்பெனி ஸ்பிரிங்கைப் போடு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெரியுமா, கம்பெனி கொடுத்ததை மாற்றக் கூடாது என்பார்கள். சட்டம் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முந்தினவர் அறுத்த ஸ்பிரிங்கை நானும் தூக்கித்தான் போடப்போகிறேன். ஆனால் அறிவுரை சொன்ன அத்தனை பேரும் ஹார்னை மாற்றியவர்கள், லைட்டை மாற்றியவர்கள், கண்ணாடியில் கறுப்பு ஒட்டியவர்கள்.

அலைன்மெண்ட் கடைக் கொடுமையைத் தனியாகவே எழுத வேண்டும். வண்டி இறங்கியதால் முன் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்து நிற்கின்றன. டயரின் வெளிப்பக்கம் புத்தம் புதிதாக இருக்க, உள்பக்கம் கம்பி தெரிகிறது. குனிந்து பார்க்கிற வரைக்கும் தெரியவே தெரியாது. இந்தச் சாய்வை, அதாவது கேம்பரைச் சரி செய்யச் சொன்னால், முன்னால் டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்பதை மட்டும்தான் வைக்க முடியும், கேம்பருக்குக் கம்பெனியே வழி வைக்கவில்லை என்றார்கள். உண்மைதான். அதற்கென்று ஒல்லியான போல்ட் இருக்கிறதே, ஸ்ட்ரட்டை, சக்கரத்தைப் பிடிக்கிற நக்கிளோடு சேர்க்கிற இடத்தில் போடுவது என்றேன். "எதுக்கு சார் போல்ட்டு, ஓட்டையைப் பெருசாக்கிடலாம்" என்று கிரைண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார் ஒருவர். புது ஸ்ட்ரட்டுக்கும் அதையே செய்வாராம், நான் வாங்கி வந்தால்.

கடைசியில் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 45 மி.மீ. வேண்டாம், 25 போதும். அறுத்ததை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கென்றே சுற்றின ஸ்பிரிங். அதோடு கம்பெனி ஷாக். அது உசிதம் இல்லைதான், ஆனாலும் தண்டுக்கு 20 மி.மீ. மூச்சு கூடுதலாகக் கிடைக்கும். கூடவே பம்ப் ஸ்டாப், தூசி உறை, மவுண்ட், பேரிங், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் புதிது. மாமனார் மானத்தோடு உட்காரலாம். ஸ்பிரிங்கை ஒரு வழியாகப் பிடித்துவிட்டேன். ஷாக்கை, ஜி.பி. ரோட்டில் இனி கால் வைப்பதில்லை என்ற வைராக்கியத்தில், ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். முன்பக்கம், இடது ஒன்று, வலது ஒன்று. வலதுக்கும் இடதுக்கும் பிரேக் ஹோஸ் பிராக்கெட் எதிரெதிர்ப் பக்கம் வரும் என்பதால், பார்ட் நம்பரை மூன்று முறை சரிபார்த்துத்தான் பொத்தானை அமுக்கினேன்.

நேற்று பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் மெக்கானிக் அண்ணனும் வந்து ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஸ்ட்ரட்டை இறக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டிகளைப் பிரித்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டும் இடது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். "வண்டி என்ன சார்?" என்று கேட்டார்.