கட்சியின் உள்விவகாரம் என்ற வாதம் நிற்காது
அமெரிக்காவில் காக்கஸ் என்பது தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்தும் கூட்டம்தானே, அதில் கள்ள வாக்கு விழுந்தால் கட்சியே நடவடிக்கை எடுத்தால் போதும், அதைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் எதற்கு என்று இதுபற்றி எழுதிய கட்டுரையாளர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்சி வேட்பாளரை வாக்குப்பதிவின் மூலம் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல்களுக்கும் இதே வாதம் ஒரு காலத்தில் வைக்கப்பட்டது. லூசியானாவில் 1940இல் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்குச்சீட்டுகளைத் திருத்திப் பொய்யாக எண்ணியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கில், முதனிலைத் தேர்தல் மொத்தத் தேர்தல் நடைமுறையின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்கும்போது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1941இல் தீர்ப்பளித்தது. வேட்பாளரைத் தீர்மானிக்கும் காக்கஸை மட்டும் ஏன் விலக்கிவைக்க வேண்டும்? 2016 பிப்ரவரியில் ஐயோவாவில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்த ஜனநாயகக் கட்சிக் காக்கஸைப் பார்வையாளனாக ஓரத்தில் நின்று பார்த்தேன். வாக்குச்சீட்டே கிடையாது, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஆதரவாகக் குழுவாக நிற்பவர்களைத் தலை எண்ணினார்கள், முதல் எண்ணிக்கையும் இரண்டாவதும் ஒத்துப்போகாதபோது சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை. அது மோசடி என்று நான் சொல்லவில்லை, ஆனால் மோசடி செய்ய நினைப்பவருக்கு அவ்வளவு திறந்த கதவு வேறெங்கும் கிடைக்காது. 2012இல் அதே மாநிலத்தின் குடியரசுக் கட்சிக் காக்கஸில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் மிட் ராம்னி 8 வாக்குகளில் முன்னிலை என்று முதலில் அறிவித்து, பின்னர் அவருடைய போட்டியாளர் ரிக் சான்டோரம் 34 வாக்குகள் கூடுதலாகப் பெற்றதாகத் திருத்தினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், காக்கஸ் மோசடிக்குச் சட்டம் வந்தால் அதை நடத்த உதவும் தன்னார்வலர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்கிறார். நியாயமான கவலைதான், ஆகவே தெரியாமல் தவறாக எண்ணியவரை விட்டுவிட்டு, தெரிந்தே பொய்ப் பெயரில் வாக்களித்தவரையும் எண்ணிக்கையை மாற்றி எழுதியவரையும் மட்டுமே தண்டிக்கும்படி அந்தச் சட்டத்தை எழுத வேண்டும்.