கிரீக்கும் டெலமார்க் பிடில்காரரும்

நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய 'காலை' மெட்டைக் கேட்டிருப்பார்கள். திரையில் சூரியன் உதிக்கும்போதெல்லாம் புல்லாங்குழலும் ஓபோவும் மாறி மாறி வாசிக்கும் அந்த மெட்டு, நாடக ஆசிரியர் இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக எழுதப்பட்டு, 1876இல் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) அரங்கேறியது. நார்வேயின் பனிமலைகளுக்கிடையே விடியும் பொழுது என்று பலரும் எண்ணிக்கொள்ளும் அந்தக் காலை, நாடகத்தில் வட ஆப்பிரிக்காவில் விடிகிறது என்பது தனி வேடிக்கை. அதே நாடகத்தின் புகழ்பெற்ற மலையரசன் மண்டபக் காட்சி இசையில் மாட்டுச் சாணம் நாறுகிறது, தன்னாலேயே கேட்கச் சகிக்கவில்லை என்று நண்பர் பேயருக்குக் கடிதம் எழுதியவர் கிரீக். உலகம் அவரை இந்த இரண்டு மெட்டுகளோடும் ஒரு பியானோ கான்செர்ட்டோவோடும் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) நிறுத்திவிட்டது. அவர் தொட்ட உச்சம், 1903இல் வெளிவந்த 72ஆம் எண் படைப்பான 'ஸ்லோட்டர்' என்ற பதினேழு ஆட்ட மெட்டுகளின் தொகுப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

1843இல் பேர்கன் நகரில் பிறந்த கிரீக்குக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாய். பதினைந்து வயதில், புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஓலே புல்லின் வற்புறுத்தலால் ஜெர்மனியின் லைப்சிக் இசைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே வந்த நோயில் ஒரு நுரையீரல் பழுதடைந்து, வாழ்நாள் முழுவதும் மூச்சுத் திணறலோடுதான் இருந்தார். கான்செர்ட்டோவை எழுதிய 1868இல் பிறந்த ஒரே மகள் அடுத்த ஆண்டே இறந்துபோனாள்.

'ஸ்லோட்டர்' தொகுப்பின் கதை 1888இல் கிரீக்குக்கு வந்த ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. எழுதியவர் நார்வேயின் டெலமார்க் பகுதியைச் சேர்ந்த குனூட் டாலே என்ற பிடில்காரர். மில்லர்குட்டன், ஹோவார்ட் கீபோயன் போன்ற பழைய பெரும் பிடில்காரர்களிடம் நேரடியாகக் கற்ற மெட்டுகள் தன் கையில் இருக்கின்றன என்றும், தன்னோடு அவை மண்ணுக்குள் போய்விடக் கூடாது என்றும் அவர் கவலைப்பட்டார். அவருடைய விருப்பம் நிறைவேறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1901 நவம்பரில், அறுபதைக் கடந்துவிட்ட டாலே கிறிஸ்டியானியாவுக்குச் சென்று வாசிக்க, வயலின் கலைஞரும் தேசிய அரங்கின் இசை நடத்துநருமான யோஹான் ஹல்வோர்சென் பக்கத்தில் அமர்ந்து சுரம் சுரமாக எழுதிக்கொண்டார். இதை ஹல்வோர்செனிடம் ஒப்படைத்தவர் கிரீக். பிடில் வாசித்தறியாத தன் காது இதற்குப் போதாது என்று அவர் உணர்ந்திருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டாலே வாசித்த ஹார்டாங்கர் பிடில் சாதாரண வயலின் அல்ல. வில் படும் நான்கு தந்திகளுக்கு அடியில் வேறு நான்கு அல்லது ஐந்து தந்திகள் ஓடுகின்றன. அவற்றை யாரும் தொடுவதில்லை, மேலே எழும் ஒலிக்குத் தாமாகவே அதிர்கின்றன. தந்திகளைத் தாங்கும் குதிரை ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் வில் பெரும்பாலும் இரண்டு தந்திகளையாவது உரசிக்கொண்டிருக்கும். ஆகவே மெட்டுக்குக் கீழே சுருதி ஒன்று ஓயாமல் இழையும். இந்த மெட்டுகள் பலவற்றில் நான்காம் சுரம் உயர்ந்து ஒலிக்கிறது. நம் கல்யாணியில் வரும் பிரதி மத்தியமம்தான் அது. அந்த ஒற்றைச் சுரம் 1871இலேயே தன்னைப் பித்துப்பிடிக்க வைத்தது என்றும், உடனே அதைத் தன் பியானோ இசைக்குள் திருடிக்கொண்டதாகவும் கிரீக் ஹல்வோர்செனுக்கு எழுதினார். இந்த மெட்டுகளைப் பியானோவுக்கு மாற்றுவது பாவம், ஆனாலும் ஆசை விடவில்லை, என்றாவது ஒருநாள் அந்தப் பாவத்தைச் செய்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

செய்தார். செய்துவிட்டு எழுதிய முன்னுரையில், மக்களின் இந்தப் படைப்புகளைக் கலையின் தளத்துக்கு உயர்த்துவதே தன் நோக்கம் என்றார். இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. எட்டாம் மெட்டான திருமண ஊர்வல இசை, மில்லர்குட்டனின் காதலி காரி அவரைக் கைவிட்டு வேறொருவனை மணந்தபோது அவர் அமைத்தது என்று கிரீக்கே குறித்திருக்கிறார். மணமகளை அழைத்துச் செல்லும் நடையிலேயே கைவிடப்பட்டவனின் வலியை ஒளித்துவைத்த ஒருவனை யார் எந்தத் தளத்துக்கு உயர்த்துவது? 1849இலேயே கிறிஸ்டியானியா மேடையில் இதே மில்லர்குட்டனை ஓலே புல் ஏற்றிவிட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக, முன்னுரையின் தோரணை இசைக்குள் நுழையவில்லை. அடித்தந்தியின் இழையும் சுருதியையும், பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் மோதும் கரகரப்பையும் மழுங்கடிக்காமல் அப்படியே பியானோவுக்குக் கொண்டுவந்திருக்கிறார் அவர். கேட்க இனிமையாக இருக்க வேண்டுமே என்ற கவலை பெரும்பாலான இடங்களில் தென்படவில்லை. அதோடு ஹல்வோர்செனின் பிடில் வடிவமும் பியானோ வடிவத்துடனேயே லைப்சிக்கில் பீட்டர்ஸ் பதிப்பகத்தின் வழியாக வெளியாக ஏற்பாடு செய்தார். மூலத்தில் எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மக்களிசையை எடுத்தாண்டு மூலத்தை மறைத்துவிடும் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஏற்பாடு என் நினைவுக்கு வருகிறது.

அதே 1903இல்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி, கிரீக்கின் இசையைப் பனி அடைத்த இளஞ்சிவப்பு மிட்டாய் என்று பாரிஸ் பத்திரிகையில் கேலி செய்தார். சிறு மெட்டுக்காரர் என்ற இளக்காரம் அதிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. 'ஸ்லோட்டர்' தொகுப்பில் ஒரு பக்கம் வாசித்தவர் அந்தச் சொல்லை எழுதியிருக்க முடியாது. சொந்த நாட்டிலும் தொகுப்புக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. கிரீக்குக்கு அந்த மனக்குறை இருந்தது. 1907 கோடையில் பேர்கனுக்கு அருகிலிருந்த வீட்டுக்கு வந்த ஆஸ்திரேலிய இளைஞர் பெர்சி கிரெய்ஞ்சர் வாசித்துக் காட்டியபோதுதான், தன் மெட்டுகளை உள்ளபடி புரிந்துகொண்ட ஒரு பியானோக் கலைஞரைக் கண்டதாக அவர் மகிழ்ந்தார். அந்தச் செப்டம்பர் 4 அன்று காலமானார்.

கேட்க விரும்புகிறவர்கள் அந்த எட்டாம் மெட்டை முதலில் ஹார்டாங்கர் பிடிலிலும் அதன்பின் பியானோவிலும் கேளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன. எனக்குப் பிடில் வடிவம்தான் ஒரு படி மேல். கிரீக்கும் மறுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.