கம்பெனிக்காரன் நமக்குச் சொந்தமா பந்தமா?

புது ப்ராசஸர் வாங்கிப் படம் போட்ட அந்தத் தம்பி பதிவை நீக்கிவிட்டார். முந்தாநாள் இரவு முழுக்க அதுதான் ஓடியது, பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஏற்கனவே வைத்திருந்த பி450 மதர்போர்டு, கையிலிருந்த பழைய தலைமுறை டிடிஆர்4 ராம், அதற்குப் புதிதாக ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப். பில்லோடு படம் எடுத்துப் போட்டு "ரொம்ப நாள் ஆசை" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்த கமெண்டுகளை நினைத்தாலே கூசுகிறது. செத்துப்போன சாக்கெட்டில் காசைக் கொட்டியவன் என்றார் ஒருவர். இன்னும் கொஞ்சம் போட்டு ஏஎம்5 போக வக்கில்லையா என்றார் இன்னொருவர். (சாக்கெட் என்பது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். தம்பியின் போர்டில் இருப்பது ஏஎம்4, அதற்கு அடுத்த தலைமுறை ஏஎம்5.) "அது விலை ரொம்ப அதிகமா இருக்குங்க அண்ணா" என்று அந்தத் தம்பி பணிவாகத்தான் பதில் சொன்னார். அதற்கு நான் மதிக்கிற ஒருவரே வந்து எழுதினார்: ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவாகிறது தெரியுமா, கொடுக்கிற விலைக்கு மேலேயே கம்பெனிக்காரன் பொருள் தருகிறான், முடியாதவர்கள் வாங்க வேண்டாம்.

முடியாதவர்கள் வாங்க வேண்டாம். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ப்ராசஸர் விலையை யாரும் ஆராய்ச்சிச் செலவைக் கூட்டிப் பார்த்துப் போடுவதில்லை. எதிரில் போட்டிக்கு ஆள் இருக்கிறானா என்று பார்த்துப் போடுகிறார்கள். இது என் கற்பனை இல்லை. கண் முன்னால் நடந்தது.

2011 ஜனவரியில் இன்டெல்லின் ஐ7-2600கே வந்தது. 4 கோர், 8 த்ரெட், 317 டாலர். (கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை.) 2017 ஜனவரியில் ஐ7-7700கே வந்தது. 4 கோர், 8 த்ரெட், 339 டாலர். நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதன் புல்டோசர் ப்ராசஸர் ஊற்றிக்கொண்டது, 2015-ல் ஏஎம்டியின் ஒரு பங்கின் விலை 2 டாலருக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் இன்டெல்லில் 8 கோர் வேண்டுமென்றால் ஐ7-6900கே போல ஒன்றைத்தான் வாங்க வேண்டும், 2016-ல் அதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல். 10 கோர் 6950எக்ஸ் 1,700 டாலரைத் தாண்டியது. அப்போதும் இதே ஆட்கள்தான், வீட்டில் இருப்பவனுக்கு 4 கோருக்கு மேல் எதற்கு என்று கேட்டார்கள்.

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தது. 8 கோர் கொண்ட ரைசன் 7 1700 329 டாலர். அடுத்த மாதம் 6 கோர் ரைசன் 5 1600 219 டாலர். அதே வருடம் இன்டெல் என்ன செய்தது? 10 கோர் ஐ9-7900எக்ஸை 999 டாலருக்கும், 8 கோர் 7820எக்ஸை 599 டாலருக்கும் விட்டது. அக்டோபரில் 6 கோர் 8700கேவை 359 டாலருக்குக் கொண்டுவந்தது. ஆறு வருடம் முடியாதது சில மாதங்களில் எப்படி முடிந்தது? ஆராய்ச்சிச் செலவு ஒரே வருடத்தில் பாதியாகக் குறைந்துவிட்டதா? செலவு அப்படியேதான் இருந்தது. எதிரில் ஆள் வந்துவிட்டான்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், அதனால் எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். ஊரில் ஒரே சவுண்ட் சர்வீஸ் இருந்த காலத்தில் வைகாசி முகூர்த்தத்துக்கு அவர் சொன்னதுதான் விலை. அடுத்த தெருவில் இன்னொருவர் ஸ்பீக்கர் வாங்கி இறக்கியதும் அதே மனிதர் வீடு தேடி வந்து பேரம் பேசினார். ஸ்பீக்கர் விலையும் ஜெனரேட்டர் டீசல் விலையும் மாறவே இல்லை.

இதைச் சொன்னதும் "நீ ஏஎம்டி ஆளா" என்று கேட்பார்கள். கேட்டாகிவிட்டது, இன்பாக்ஸிலேயே வந்துவிட்டது. அப்படியென்றால் மேலே படியுங்கள்.

2019-ல் 6 கோர் ரைசன் 5 3600, சூடு தணிக்கும் கூலரோடு சேர்த்து 199 டாலர். நல்ல மனது என்று எல்லோரும் கொண்டாடினோம். 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை வந்தபோது ஏஎம்டி கேமிங்கிலும் இன்டெல்லைத் தாண்டிவிட்டது. உடனே என்ன ஆனது? 6 கோர் வேண்டுமென்றால் 299 டாலருக்கு 5600எக்ஸ் மட்டும். 200 டாலரில் கடைக்குத் தனியாக ஒரு 5600 விடவே இல்லை. 2022 ஜனவரியில் இன்டெல் ஐ5-12400ஐ 192 டாலருக்கும், கிராபிக்ஸ் இல்லாத 12400எஃப்பை 167 டாலருக்கும் இறக்கி அடித்த பிறகு, ஏப்ரலில் 199 டாலருக்கு 5600 வந்தது, 159 டாலருக்கு 5500 வந்தது. ஒன்றரை வருடம் காத்திருக்க வைத்தது ஏஎம்டி. விடுவித்தது இன்டெல். இன்னும் பின்னால் போனால், 2005-ல் ஏஎம்டி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விட்ட முதல் டூயல் கோர் (2 கோர்) ஆத்லான் ப்ராசஸர்களில் ஆகக் குறைந்ததே 537 டாலர், உச்சத்தில் இருந்தது 1,001 டாலர். 2006-ல் இன்டெல்லின் கோர் 2 டுவோ வந்ததும் ஏஎம்டி விலையைப் பாதி அளவுக்கு வெட்டியது.

ஆகவே ஆள் யார் என்பது முக்கியமே இல்லை. முந்தி நிற்பவன் ஏற்றுவான், பின்தங்கியவன் இறக்குவான். அவன் செய்வது வியாபாரம், அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் சம்பளம் வாங்காமல் அவனுக்கு வக்காலத்து வாங்கும் நம் ஆட்கள் மேல்தான். கம்பெனிக்காரன் நமக்குச் சொந்தமா பந்தமா?

செலவுக்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிய இன்னொன்று. 2010-ல் இன்டெல் 50 டாலருக்கு ஓர் அட்டை விற்றது. பென்டியம் ஜி6951 வைத்திருப்பவர் அதிலுள்ள குறியீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், சிப்புக்குள் ஏற்கனவே இருந்து பூட்டி வைக்கப்பட்ட ஹைப்பர்த்ரெடிங்கும் (ஒரு கோர் இரண்டு த்ரெட் ஓட்டும் வசதி) கூடுதல் கேஷும் (சிப்புக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) திறக்கும். பொருள் உங்கள் மேஜைக்குள்ளேயே இருக்கிறது, சாவிக்குத் தனிக் காசு. எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருடமே கைவிட்டார்கள். யாருடைய எதிர்ப்பு? வாங்குகிறவர்களுடைய எதிர்ப்பு. 2020 மே மாதம் 5000 வரிசை பி450 போர்டில் ஓடாது என்று ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள், அதே மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு வாங்கியவர்கள் "முடியாதவர்கள் வாங்க வேண்டாம்" என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் தம்பியின் போர்டில் 5000 வரிசையைச் சேர்ந்த 5700எக்ஸ் ஏறியே இருக்காது. நீங்கள் எங்கள் பக்கம் நிற்க வேண்டாம், சத்தம் போடுகிறவனை அடிக்காமலாவது இருங்கள்.

பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ப்ராசஸர் விலை குறைந்துதான் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டாலரில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது சரி, ஒத்துக்கொள்கிறேன். 2011 தொடக்கத்தில் டாலர் சுமார் 45 ரூபாய். இன்றைக்கு 85-ஐத் தாண்டிவிட்டது. 200 டாலர் ப்ராசஸர் 200 டாலராகவே நின்றாலும் நமக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. வெளிநாட்டு யூடியூபர் "இது 200 டாலருக்கு அருமையான பொருள்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு ஈரோட்டில் உட்கார்ந்து ஒருவரை ஏழை என்று கேலி செய்வது என்ன நியாயம்?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் கோபியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே பி450 போர்டுதான், முதலில் 3600 போட்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் 4கே கேட்க ஆரம்பித்ததும் எடிட்டிங் டைம்லைன் நகரவே இல்லை. ஒரு டிரான்சிஷன் போட்டால் படம் அப்படியே நின்றுவிடும். மச்சான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மாப்ள, மொத்தமா மாத்தணும்னா இந்த முகூர்த்தம் முடியட்டும்" என்றார். மொத்தமாக மாற்றவே இல்லை. பென் டிரைவில் புது பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இறக்கி ஏற்றிவிட்டு 5700எக்ஸ் மாட்டினோம். இரண்டும் 65 வாட்தான் என்பதால் கரண்ட் கொடுக்கும் அதே எஸ்எம்பிஎஸ் பெட்டி போதுமாக இருந்தது. இதோடு கூலர் வராது, பழைய கூலரையே துடைத்துப் பூட்டினோம்.

ஏஎம்4-ல் கை வைப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும். கூலரை நேராகத் தூக்கினால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் 1,331 பின், ஒன்று சாய்ந்தாலும் தலைவலி. கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்ட பிறகுதான் தூக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் இன்றைக்கும் மச்சானின் தொழில் ஓடுகிறது. அக்கா பையன் பள்ளிக் கட்டணம் அதில்தான் வருகிறது. அதைத்தான் நீங்கள் செத்த சாக்கெட் என்றீர்கள்.

கேமிங்குக்கு ஏஎம்டியின் 9800எக்ஸ்3டி எங்கே, இது எங்கே என்றும் ஒரு வாதம் வந்தது. 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்த ப்ராசஸர் அது. நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் ப்ராசஸர்களின் வேகத்தை ஒப்பிடும் அந்த வரைபடங்களை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, கார்டுக்குச் சுமை குறைந்த 1080பி திரை அளவில் வைத்து ஓட்டுவார்கள். கார்டு தடையாக நிற்கக் கூடாது, ப்ராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. சோதனைக்கு அது சரியான முறைதான். ஆனால் உங்கள் வீட்டில் நடுத்தரக் கார்டு இருந்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் திரைக்கு வரவே வராது. கார்டுதான் மூச்சு வாங்கும், ப்ராசஸர் சும்மா இருக்கும். அந்த 479 டாலரில் பாதியைக் கார்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும். இதைச் சொல்லித்தர ஒரு ஆள் இல்லை, கேலி செய்ய வரிசையில் நின்றீர்கள்.

விலை கூடியது என்றால் நிம்மதி என்பதும் பொய். இன்டெல்லின் ஐ9-13900கே, 14900கே வாங்கியவர்கள் என்ன பாடு பட்டார்கள்? விளையாட்டு பாதியில் விழுகிறது, ரெண்டர் பாதியில் நிற்கிறது. கடைசியில் வோல்டேஜ் பிரச்சினை என்று இன்டெல்லே ஒத்துக்கொண்டு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (ப்ராசஸருக்கான திருத்த மென்பொருள்) விட்டது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அவர்களும் நம்மைப் போல உழைத்த காசைக் கொடுத்தவர்கள்தான்.

ஃபியூச்சர் ப்ரூஃப், அதாவது பின்னாளுக்கும் தாங்குமா என்பது பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2027 வரையிலும் அதற்கு மேலும் ஏஎம்5-ஐ ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, நல்லது. புதிதாக எல்லாமே வாங்குகிறவர் தாராளமாக அதில் போகட்டும். ஆனால் அந்தப் பக்கம் டிடிஆர்5 ராம் மட்டும்தான், கையிலிருக்கும் டிடிஆர்4 ஏறாது. 2025 கடைசியில் டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். மெமரி தயாரிக்கும் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்ற சரக்கையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் கையில் இருக்கும் ராமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று ஒருவரிடம் சொல்வதற்கு மனது வர வேண்டும்.

ஒரு விஷயம் வலிக்கிறது. என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது கமெண்டில் கேட்பதில்லை, இன்பாக்ஸில்தான் வருகிறார்கள். பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண் போன வாரம் இன்டெல்லின் ஐ3-12100எஃப் போதுமா என்று கேட்டுவிட்டு, "வெளியில சொல்லிடாதீங்கண்ணா" என்று எழுதியது. படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆட்டோகேடில் பாடம் வரைய அது தாராளமாகப் போதும் கண்ணு, ஆனால் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது, எஃப் இல்லாத 12100 வாங்கு என்று பதில் போட்டேன். இதைப் பொதுவில் கேட்டிருந்தால் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

உங்களுக்கு முடிகிறதா, உச்சத்தில் இருப்பதையே வாங்குங்கள், படம் போடுங்கள், முதல் லைக் என்னுடையது. அடுத்தவர் பில்லில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உள்ளூர்க் கடையோ, பாக்ஸா (கம்பெனிப் பெட்டியோடு வருவது) டிரேயா (பெட்டி இல்லாமல் சிப் மட்டும்) என்று முதலில் கேளுங்கள். டிரே என்றால் விலை குறையும், ஆனால் பாக்ஸுக்கு உள்ள கம்பெனி வாரண்டி இருக்காது, கடைக்காரர் வாய்ச்சொல்தான். பாக்ஸில் உள்ள சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எது எடுப்பது என்று குழப்பம் இருந்தால் போர்டு மாடல், ராம் எவ்வளவு, என்ன வேலைக்கு என்ற மூன்றையும் இங்கேயே கமெண்டில் எழுதுங்கள். இன்று இரவு ஒரு ரிசப்ஷன் எக்ஸ்போர்ட் ஓடுகிறது, உட்கார்ந்துதான் இருப்பேன், எல்லோருக்கும் பதில் போடுகிறேன்.