வரப்பு தேச எல்லையான கதை

ஆர்மீனியாவும் அசர்பைஜானும் மோதிக்கொண்டதற்குக் கிறித்தவ, முஸ்லிம் பகையே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பதிவுகளை அடிக்கடி காண்கிறேன். மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் 1993-இல் துருக்கி ஆர்மீனியாவுடனான எல்லையை மூடியபோது, அந்நாட்டுக்குத் தெற்கு வழியைத் திறந்து வைத்திருந்தது ஈரான். அசர்பைஜான் மக்களில் பெரும்பான்மையோரைப் போலவே ஷியா பிரிவைச் சேர்ந்த ஈரான். பகை பழையது என்றால், 1918 முதல் 1920 வரை நடந்த போர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஓய்ந்திருந்துவிட்டு, சோவியத் ஒன்றியம் தள்ளாடிய நேரத்தில், இரு நாடுகளும் உரிமை கோரிய அதே கராபாக் மலைகளில் மீண்டும் மூண்டது ஏன்?

இரண்டு முறையும் போருக்கு முன் நடந்தது ஒன்றுதான்: மேலே இருந்த பேரரசு சரிந்தது. ஜார் ஆட்சி வீழ்ந்த பின், 1918 மே 28 அன்று, ஒரே நாளில் இரு நாடுகளும் விடுதலையை அறிவித்தன. ஜார் காலத்து மாகாணங்கள் ஆட்சி வசதிக்காக வகுக்கப்பட்டவை என்பதால், கராபாக், சங்கெசூர், நக்கிச்செவான் ஆகிய மூன்று பகுதிகளையும் இருவருமே தமதென்றனர். 1920 மார்ச்சில் கராபாக்கிலுள்ள ஷுஷா நகரின் ஆர்மீனியப் பகுதி எரிக்கப்பட்டது. அந்தச் சண்டை தீர்க்கப்படவில்லை. போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை வந்து இரு நாடுகளையும் விழுங்கியதால் நின்றது, அவ்வளவுதான்.

1921 ஜூலை 4 அன்று போல்ஷெவிக் கட்சியின் காக்கேசியப் பிரிவு கராபாக்கை ஆர்மீனியாவுக்குத் தருவதாக முடிவெடுத்து, மறுநாளே அதை மாற்றி அசர்பைஜானுக்குள் வைத்தது. 1923-இல் அது தன்னாட்சி வட்டாரமானது. தகப்பனார் இருக்கும்வரை வயலுக்கு நடுவே உள்ள வரப்பு தண்ணீர் பாய்ச்சத்தான். பாகப்பிரிவினை அன்றுதான் அது வழக்காகிறது. மாஸ்கோ தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவரை கராபாக்கின் கோடும் அப்படித்தான் கிடந்தது.

1989 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,89,000 பேரில் 77 விழுக்காட்டினர் ஆர்மீனியர். அதற்கு முந்தைய ஆண்டு, 1988 பிப்ரவரி 20 அன்று, வட்டார மன்றம் ஆர்மீனியாவுடன் இணையக் கோரியது. ஒரு வாரத்தில் அசர்பைஜானின் சும்கயித் நகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டனர். என்னைப் பொறுத்தவரை, இதன் பிறகு வந்த சட்டச் சிக்கல்தான் எவரும் பேசாத முக்கியக் காரணம். ஒரு குடியரசு பிரிந்துபோனால் அதற்குள் இருக்கும் தன்னாட்சிப் பகுதி தன் வழியைத் தானே முடிவுசெய்யலாம் என்றது 1990 ஏப்ரலில் வந்த சோவியத் சட்டம். அசர்பைஜானோ 1991 நவம்பர் 26 அன்று அந்தத் தன்னாட்சியையே நீக்கியது. கராபாக் டிசம்பர் 10 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. அங்கிருந்த அசர்பைஜானியர் அதைப் புறக்கணித்தனர். பதினொரு நாள் கழித்து கசகஸ்தானின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய, ஆர்மீனியாவும் அசர்பைஜானும் உள்ளிட்ட சோவியத் குடியரசுகள், இருக்கும் எல்லைகளை அப்படியே ஏற்பதாகக் கையொப்பமிட்டன. இரு தரப்பின் கையிலும் செல்லுபடியாகும் பத்திரம் இருந்தது. தீர்ப்பளிக்க வேண்டிய நீதிமன்றம் மட்டும் அந்த மாதத்தோடு மறைந்துபோனது.

பத்திரத்தோடு துப்பாக்கியும் கிடைத்தது. கலைந்துகொண்டிருந்த சோவியத் படையின் ஆயுதக் கிடங்குகள் இருவர் கைக்கும் போயின. 1992 பிப்ரவரியில் கராபாக்கின் கொஜாலியில் அசர்பைஜானியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டபோது, ஆர்மீனியப் படையினருடன் கராபாக்கின் தலைநகரான ஸ்தெபனகெர்ட்டில் இருந்த முன்னாள் சோவியத் படையின் 366-ஆம் படைப்பிரிவின் வீரர்களும் இருந்தனர். 1994 மே மாதப் போர்நிறுத்தத்தின்போது, கராபாக்கைச் சுற்றியிருந்த ஏழு அசர்பைஜான் மாவட்டங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ ஆர்மீனியத் தரப்பிடம் இருந்தன. அங்கிருந்து பல லட்சம் அசர்பைஜானியர் விரட்டப்பட்டிருந்தனர். 2020-இல் 44 நாள் போரில் அசர்பைஜான் வென்று நிலைமை தலைகீழானது. 2023 செப்டம்பரில் அசர்பைஜான் மீண்டும் தாக்கியபின், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் கராபாக்கை விட்டு வெளியேறினர்.

2024 ஏப்ரலில் இரு நாடுகளும் எல்லையின் ஒரு பகுதியை வரையறுக்க ஒப்புக்கொண்டபோது, அடிப்படையாக வைத்தது அந்த அல்மா-ஆட்டா பிரகடனத்தைத்தான். அதன்படி நான்கு சிற்றூர்கள் அசர்பைஜானுக்குத் திரும்பின.